செல் சட்டகமும் நொதிகளும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: பாஸ்பேட் ஏற்றினால் செல் சட்டகம் வலுப்படுமா, குலையுமா? (மாணவர், தஞ்சாவூர்)

பதில்: செல் சட்டகம் என்பது செல்லுக்கு வடிவம் தரும் புரத இழைகளும் குழல்களும். எந்தப் புரதம் என்றே எழுதாத கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. நுண்குழலோடு ஒட்டியிருக்கும் டௌ புரதத்தில் பாஸ்பேட் மிகுந்தால், அது டியூபுலின் புரதத்தால் ஆன அந்தக் குழலை விட்டு விலகுகிறது. கோஃபிலின் புரதத்தின் 3ஆம் இடத்துச் செரின் என்னும் அமினோ அமிலத்தில் ஏறினாலோ, ஆக்டின் இழைகளை வெட்டும் அதன் வேலை நின்று இழைகள் நிலைக்கின்றன. புரதம், இடம், நொதி ஆகிய மூன்றையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: செல் பிரியும்போது உட்கரு உறை எப்படிக் குலைகிறது? (ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: சிடிகே1 நொதி பாஸ்பேட்டை ஏற்றுவதால் உறையின் உட்புறத்து லாமின் இழைகள் பிரிகின்றன, பின்னர் பாஸ்படேஸ் நொதிகள் அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுகின்றன.

கேள்வி: அசிட்டைல் (நொதி புரதத்தில் ஏற்றும் சிறு வேதித் தொகுதி) ஒளிர்வு கூடியிருப்பதால், "அசிட்டைல் ஏற்றம் நுண்குழலை நிலைப்படுத்துகிறது" என ஆய்வேட்டில் எழுதலாமா? (ஆய்வு மாணவி, திருவாரூர்)

பதில்: எழுதக் கூடாது. இந்த ஒரு வாக்கியத்தை எத்தனை ஆய்வேடுகளில் அடித்துத் திருத்தினாலும் அது மறுபடி வந்து நிற்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆல்ஃபா டியூபுலினின் 40ஆம் லைசின் குழலின் உட்புறத்தில் இருக்கிறது. அதில் அசிட்டைலை ஏற்றும் ஏடிஏடி1 நொதி உள்ளே புகுந்து மெதுவாகவே வேலை செய்வதால், நெடுநேரம் கலையாமல் நின்ற குழலில்தான் அசிட்டைல் சேருகிறது. குழல்களைக் கலைக்கும் நொகோடசோல் மருந்தை இட்டு அரைமணி கழித்துப் பாருங்கள்: இளங்குழல்கள் கரைந்துபோக, உட்கருவின் அருகே நெளிந்து கிடக்கும் சிலவே அசிட்டைல் எதிர்ப்பொருளில் பளிச்சென ஒளிரும். அந்த ஒளிர்வு குழலின் வயதைச் சொல்கிறதே தவிர, நிலைப்புக்கு அதுவே காரணம் என்று காட்டுவதில்லை. அசிட்டைல் ஏற்றம் குழலுக்கு வளையும் தன்மையைத் தந்து, மடங்கும்போது முறியாமல் காக்கிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. அது வேறு செய்தி. அசிட்டைலைக் கழற்றும் எச்டிஏசி6 நொதியைத் தடுத்த சோதனையும் ஏடிஏடி1ஐ நீக்கிய சோதனையும் இல்லாமல் காரணம் பேசாதீர்கள். இங்கும் புரதம், இடம், நொதி மூன்றையும் எழுதுங்கள்.

கேள்வி: கண்வலிக்கிழங்கின் கோல்ச்சிசின் செய்வதும் நொதி மாற்றமா? (விவசாயி, வேதாரண்யம்)

பதில்: இல்லை. அது டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு குழல் வளர்வதைத் தடுக்கிறது. புரதத்தில் எந்த வேதித் தொகுதியையும் ஏற்றுவதில்லை. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் பாக்டீரியாவின் சி2 நஞ்சுதான் நொதியாகவே வேலை செய்து, ஆக்டினின் 177ஆம் ஆர்ஜினினில் ஏடிபி-ரைபோஸ் (ADP-ribose) என்னும் தொகுதியை ஏற்றி இழை கோப்பதைக் கெடுக்கிறது. கிழங்கையோ விதையையோ கைமருந்தாக உண்ண வேண்டாம், உயிருக்கே ஆபத்து.

கேள்வி: டியூபுலினின் கடைசி டைரோசினை நீக்குவது எது? (மாணவர், கும்பகோணம்)

பதில்: வாசோஹிபின் நொதி, எஸ்விபிபி என்னும் துணைப்புரதத்துடன் சேர்ந்து நீக்குகிறது. இது 2017இல் உறுதியானது. 2022இல் மாட்கேப் என்னும் மற்றொரு நொதியும் தெரியவந்தது.