பி.எஸ்சி. கணிதம் முடித்ததும் பி.எட். சேரலாமா, எம்.எஸ்சி. போகலாமா? அரசுப் பள்ளி வேலை கிடைக்குமா?

ஊர் உசிலம்பட்டி பக்கம், பி.எஸ்சி. கணிதம் கடைசி வருடம், வீட்டில் பி.எட். சேரச் சொல்கிறார்கள், சேர்ந்தால் அரசு வேலை உறுதியா என்று கேட்டிருக்கிறாய். பெயர் போடவில்லை. பெண்பிள்ளை என்று எடுத்துக்கொண்டு தங்கச்சி என்றே பேசுகிறேன், தம்பியாக இருந்தாலும் சொல்வதில் மாற்றம் ஒன்றுமில்லை.

நானும் பி.எஸ்சி. கணிதம்தான். சோழவந்தான் பக்கம் ஊர். 2006இல் இருந்து தனியார் பள்ளிகளில் கணக்கு எடுக்கிறேன். உன் கேள்வியைப் பார்த்ததும் கடந்துபோக முடியவில்லை, ஏனென்றால் இதே கேள்வியை 2005இல் நான் கேட்டபோது ஒரே ஒரு பதில்தான் கிடைத்தது: "பி.எட். முடி, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதி, சீனியாரிட்டி வந்ததும் வேலை வீடு தேடி வரும்." அன்றைக்கு அது பொய்யில்லை. ஆனால் நான் வரிசையில் நின்றுகொண்டிருக்கும்போதே வரிசையையே எடுத்துவிட்டார்கள்.

எப்படி என்று சொல்கிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது, அதே ஆண்டு ஆகஸ்டில் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதாவது டெட், கட்டாயம் என்று அறிவிப்பு வந்தது. நம் மாநிலத்தில் முதல் டெட் 2012 ஜூலையில் நடந்தது. 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம். எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, நானும் தேறவில்லை. அக்டோபரில் மூன்று மணி நேரமாக்கி மறுபடி வைத்தார்கள், அதிலும் எனக்குக் கொஞ்சத்தில் போனது. 2013 ஆகஸ்டில் எழுதியதில் 94 எடுத்தேன். அன்றைக்குத் தேர்ச்சிக்கு 90 போதும். கணக்கு டீச்சர்தானே, கணக்கு மட்டும் வரும் என்று நினைத்துவிடாதே. ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்கள் எழுதும் இரண்டாம் தாளில் குழந்தை மேம்பாடும் உளவியலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணக்கும் அறிவியலும் சேர்த்து. தாவரவியலும் விலங்கியலும் பத்தாம் வகுப்போடு விட்ட எனக்கு, ஆறாம் வகுப்புப் பிள்ளையிடம் புத்தகம் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டியிருந்தது.

94 வந்த நாளில் வீட்டில் பாயசம் வைத்தார்கள். அப்பா தெருவில் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். அப்புறம் வந்தது வெயிட்டேஜ், அதாவது பழைய பரீட்சை மதிப்பெண்களையும் டெட்டோடு கூட்டி வரிசைப்படுத்தும் முறை. 2014 மே மாத அரசாணைப்படி நூற்றுக்கு டெட் 60, பிளஸ் டூ 10, டிகிரி 15, பி.எட். 15. என் கணக்கைப் பார்: டெட்டில் 94க்கு 37.6. நான் 2001இல் பிளஸ் டூ முடித்தவள், 1200க்கு 744, அதற்கு 6.2. டிகிரி 64 சதவீதம், 9.6. பி.எட். 70 சதவீதம், 10.5. கூட்டினால் 63.9. எங்கள் பள்ளியில் என்னோடு வேலை பார்த்த, என்னைவிட ஏழு வயது சின்ன பெண் டெட்டில் 85. ஆனால் பிளஸ் டூவில் 1092, டிகிரி 80, பி.எட். 82 சதவீதம். அவளுக்கு 67.4. தேர்வில் ஒன்பது மதிப்பெண் குறைவாக எடுத்தவள் மூன்றரை மதிப்பெண் முன்னால் போய்விட்டாள். பதின்மூன்று வருடத்துக்கு முன்னால், திருத்தும் முறையே வேறாக இருந்த காலத்தில் எழுதிய பிளஸ் டூ பரீட்சை வந்து என் வேலையைத் தட்டிப் பறித்தது.

இடஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 82 என்று தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்ததை எதிர்த்துப் பேசுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நானும் அந்தப் பிரிவில்தான் வருகிறேன், அந்தச் சலுகை நியாயமானது என்றுதான் இன்றைக்கும் சொல்கிறேன். அந்தப் பெண் மீதும் எனக்குக் கோபமில்லை, அவள் நல்ல டீச்சர், இன்றும் போனில் பேசிக்கொள்கிறோம். என் வருத்தமெல்லாம் பழைய மதிப்பெண்ணையும் புதிய மதிப்பெண்ணையும் ஒரே தராசில் வைத்ததுதான். அதைத் தப்பு என்று உணர்ந்துதானே 2018இல் வெயிட்டேஜை எடுத்துவிட்டு, டெட்டுக்கு மேல் தனியாக ஒரு போட்டித் தேர்வு என்று மாற்றினார்கள்? ஏழு வருடம்தான் செல்லும் என்றிருந்த டெட் சான்றிதழை 2021இல் ஆயுளுக்கும் செல்லும் என்றார்கள். அந்தப் போட்டித் தேர்வு பட்டதாரி ஆசிரியர்களுக்கு 2024 பிப்ரவரியில் நடந்தது. நாற்பது வயதில், பள்ளியும் ட்யூஷனும் பிள்ளை வளர்ப்பும் போக இரவில் படித்து எழுதினேன். சில மதிப்பெண்ணில் போய்விட்டது.

சரி, உன் விஷயம். பி.எட். 2015இல் இருந்து இரண்டு வருடம். சேர டிகிரியில் பொதுப்பிரிவுக்கு 50 சதவீதம், பி.சி.க்கு 45, எம்.பி.சி.க்கு 43, எஸ்.சி., எஸ்.டி.க்கு 40. பி.எட். முடித்தால் ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்து வரை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே. அதற்கு ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ படித்தவர்கள்தான் தகுதி என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உனக்கு இரண்டு வாசல்: டெட் இரண்டாம் தாளும் போட்டித் தேர்வும் எழுதிப் பட்டதாரி ஆசிரியர், இல்லையென்றால் எம்.எஸ்சி.யும் பி.எட்.டும் முடித்து முதுகலை ஆசிரியர் தேர்வு. முதுகலைக்கு டெட் வேண்டாம்.

எம்.எஸ்சி. முதலிலா பி.எட். முதலிலா என்றால், வீட்டில் நான்கு வருடம் படிக்க விடுவார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் எம்.எஸ்சி.யை முடித்துவிட்டு பி.எட். போ. பாடத்தில் பிடி இருக்கும்போதே எம்.எஸ்சி. படிப்பதுதான் நல்லது. மாப்பிள்ளை பார்க்கிற பேச்சு ஏற்கெனவே ஓடுகிறது என்றால் பி.எட்.டை முதலில் முடி. எம்.எஸ்சி.யைக் காமராசர் பல்கலைக்கழகத்தில் தொலைநிலையில் பிறகு படிக்கலாம், நான் அப்படித்தான் படித்தேன். ரகசியமாகச் சொல்ல வேண்டியதில்லை, நம் பக்கத்துப் பெண்கள் பாதிப் பேர் கணக்குப் போடுவது இப்படித்தான்.

பி.எட். என்றால் சார்ட் ஒட்டுவதும் ரெக்கார்ட் எழுதுவதும்தான், ஒன்றும் கற்றுத்தர மாட்டார்கள் என்று இங்கே பலர் எழுதுகிறார்கள். எல்லாக் கல்லூரியும் யோக்கியம் என்று நான் சொல்ல வரவில்லை. வகுப்புக்கே வராமல் பணம் கட்டி வருகைப்பதிவு வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது எனக்கும் தெரியும். ஆனால் கற்பித்தல் பயிற்சிக்கு என்னை வாடிப்பட்டி பக்கம் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் பிளஸ் என்று எட்டாம் வகுப்பில் ஒரு பையன் விடாமல் கேட்டான். விதி அப்படி என்று சொன்னேன், அவன் உட்காரவில்லை. அன்றிரவு முழுக்க யோசித்து, மறுநாள் பலசரக்குக் கடைக் கடன் நோட்டை வைத்துச் சொன்னேன்: நோட்டில் உன் பேரில் ஐந்து ரூபாய்க் கடன் மூன்று இருக்கிறது, கடைக்காரர் மூன்றையும் அடித்துவிட்டார், உனக்கு எவ்வளவு லாபம்? "பதினஞ்சு டீச்சர்" என்று கத்தினான். அவன் அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர், கடன் நோட்டு அவனுக்குத் தெரிந்த புத்தகம். அரசு வேலை கிடைக்காத வருத்தம் இருக்கிறதே தவிர, டீச்சரானதற்கு ஒருநாளும் வருந்தியதில்லை.

இன்னொன்று, இது நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லியே ஆக வேண்டும். தனியார் பள்ளியில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதே. நான் கொடுத்தேன், பத்திரமாக இருக்கும் என்றார்கள். 2014 ஜனவரியில் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைப்பு வந்தபோது, வருட நடுவில் தர முடியாது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டிவிட்டு வாங்கிக்கொள் என்றார்கள். அன்றைக்கு என் சம்பளம் 6,500. மே மாதம் அதுவும் கிடையாது, ஆனால் அட்மிஷனுக்கு வெயிலில் வீடு வீடாகப் போக வேண்டும். அப்பா இரண்டு நாள் அந்த வாசலில் நின்று, கடன் வாங்கிக் கட்டித்தான் மீட்டுக்கொண்டு வந்தார். கல்விச் சான்றிதழை அப்படிப் பிடித்துவைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது, அன்று அது எனக்குத் தெரியாது. நீ நகலைக் கொடு, ஒரிஜினலைக் காட்டிவிட்டு வாங்கிக்கொள்.

டெட்டைத் தள்ளிப்போடாதே. 2025 செப்டம்பரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிற பழைய ஆசிரியர்களும் இரண்டு வருடத்துக்குள் தேறியாக வேண்டும். இருபது வருடம் சர்வீஸ் உள்ள எங்கள் ஊர் அரசுப் பள்ளி அண்ணன் ஒருவர் என் பழைய உளவியல் நோட்டைக் கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். மதுரை நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, உட்கார்ந்து படிக்க நல்ல இடம்.

நீ தமிழ்வழியில் படித்தவளா என்று எழுதவில்லை. படித்திருந்தால் 20 சதவீத முன்னுரிமை இருக்கிறது, ஆனால் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழி என்று ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்க வேண்டும். முதலில் ஒன்றாம் வகுப்பு படித்த பள்ளிக்கு இந்த லீவிலேயே போ. உன்னைத் தெரிந்த ஹெச்.எம். இருக்கும்போதே வாங்கிவிடு, அவர் மாறிப்போனால் பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுக்க ஆள் இருக்காது.