அம்மாவைப் பார்த்துக் கத்திவிட்டேன், டாக்டர்!

கேள்வி: எனக்கு 47 வயது. அம்மாவுக்கு 79. இரண்டு வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் அவருக்கு வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. ஞாபக மறதியும் கூடிக்கொண்டே போகிறது. ராத்திரியில் சிறுநீர் கழிக்க நாலைந்து தடவை எழுப்புகிறார். பகலில் நான் வேலைக்கும் போக வேண்டும். இடுப்பு வலியும் தலைவலியும் எனக்கு நிரந்தரமாகிவிட்டன. போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு அவரைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவர் பயந்துபோய்ப் பார்த்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. அண்ணன் வெளியூரில் இருக்கிறார்; போனில் யோசனை சொல்வதோடு சரி. நான் கெட்ட மகளாகிவிட்டேனா?

பதில்: இல்லை அம்மா. மாதக்கணக்கில் தூக்கம் துண்டு துண்டாகப் போனால் யாருடைய பொறுமையும் ஒரு ராத்திரி அறுந்துதான் போகும். நோயாளியைப் பராமரிப்பவர்களின் சுமையை அளக்க, ஸ்டீவன் ஸாரிட் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1980-களில் வகுத்த 22 கேள்விகளை இன்றும் மருத்துவர்கள் பயன்படுத்துகிறோம். நோயாளியின் அருகில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா என்பதும் அதில் ஒரு கேள்வி. அந்த அளவுக்குப் பொதுவான விஷயம் இது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் முதலில் பட்டது அந்த ‘நாலைந்து தடவை’தான். வயதானால் அப்படித்தான் என்று அதை விட்டுவிடாதீர்கள். உங்கள் தூக்கத்துக்கான வைத்தியத்தை அம்மாவின் ராத்திரியிலிருந்து தொடங்க வேண்டும்.

அவருடைய மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஃப்யூரோசமைடு போன்ற நீர் மாத்திரை இருக்கிறதா? அதைப் போட்டால் ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குச் சிறுநீர் அதிகமாகப் போகும். சாயங்காலம் கொடுத்தால் பாதி ராத்திரி அதிலேயே போய்விடும். காலைக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள்; நீங்களாக மாற்ற வேண்டாம். அப்புறம், பாதம் வீங்குகிறதா என்று பாருங்கள். பகல் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தால் நீர் காலில் தங்கும். படுத்ததும் அது ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராக வெளியேறும். மதியம் ஒரு மணி நேரமாவது காலைத் தலையணை மேல் உயர்த்திப் படுக்க வையுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, சர்க்கரை மூன்றையும் ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. தண்ணீரைப் பகலில் தாராளமாகக் கொடுத்து, படுக்கப் போகும் முன் சில மணி நேரம் மட்டும் குறையுங்கள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே கமோடு நாற்காலியும் மங்கலான ஒரு விளக்கும் இருந்தால் கழிப்பறை வரை நடத்திச் செல்லும் பாடு மிச்சம்.

தூக்க மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் உங்கள் சுமை இன்னும் பல மடங்காகும். சளிக்குத் தரும் குளோர்பெனிரமின் போன்ற பழைய மாத்திரைகளும் இந்த வயதில் குழப்பத்தை அதிகமாக்கும். ஓரிரு நாளில் திடீரென்று பிதற்றல் கூடினால், மறதிதான் முற்றிவிட்டது என்று நினைக்காமல் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் தொற்றோ, நீர்ச்சத்துக் குறைவோ, புதிதாகச் சேர்த்த மருந்தோ காரணமாக இருக்கும், சரிசெய்துவிடலாம்.

இடுப்பு வலிக்கு வருவோம். அம்மாவை அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். பலவீனமான கையைப் பிடித்து இழுத்தால் அவருடைய தோள்மூட்டு நழுவக்கூடும். உங்கள் முதுகும் போகும். அவரைக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்து வரச் சொல்லுங்கள். பாதம் இரண்டும் தரையில் நன்றாக ஊன்றட்டும். உடம்பை முன்னால் சாய்த்து அவரே எழ முயலட்டும். நீங்கள் முழங்காலை மடக்கி நின்று இடுப்பில் பிடித்துத் துணை மட்டும் கொடுங்கள். ஒரு பிசியோதெரபிஸ்ட்டை வீட்டுக்கு வரவழைத்து ஒருமுறை செய்துகாட்டச் சொன்னால் சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

உங்களுக்குக் கடைசியாக ரத்த அழுத்தம் பார்த்தது எப்போது? தலைவலியை இனியும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே பாருங்கள். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்களில் மனம் கனத்தே கிடக்கிறதா, எதிலும் பிடிப்பில்லையா? இருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. செத்துவிடலாம், அம்மாவை ஏதாவது செய்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு கணம் வந்தால்கூட அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள். கோபம் தலைக்கேறும்போது அம்மா விழாதபடி படுக்க வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். அது அவருக்கும் நல்லது.

அண்ணனிடம் ‘கொஞ்சம் உதவி பண்ணுங்க’ என்று பொதுவாகக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் யோசனைதான் வரும். ‘அண்ணா, அடுத்த மாசம் இரண்டாவது சனி, ஞாயிறு ராத்திரி நீங்க வந்து அம்மா பக்கத்துல படுங்க’ என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். வரவே முடியாதென்றால், அந்த ராத்திரிகளுக்கு ஒரு பராமரிப்பாளரை வைக்கும் செலவு அவருடையது. எந்த மாத்திரை எப்போது, எப்படி எழுப்ப வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் நீங்கள் அதே வீட்டில் படுக்க வேண்டாம். அம்மா புரண்டு படுத்தாலே உங்களுக்கு விழிப்பு வந்துவிடும். தோழி வீட்டுக்காவது போய்த் தூங்குங்கள்.