ரத்த உறவு யாரென்று கேட்டால்...

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. பெற்றவர் அல்ல, ஜமாத்தில், அதாவது எங்கள் திருநங்கைச் சமூகக் குடும்பத்தில், என்னை மகளாக எடுத்தவர். இருவருமே திருநங்கைகள். கன்னத்தில் புற்று, இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ராத்திரியெல்லாம் வலியில் துடிக்கிறார். புண் நாற்றம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால், "கையெழுத்துப் போட ரத்த உறவு யார்?" என்கிறார்கள்.
— வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: கையெழுத்து இரண்டு நாள் பொறுக்கும், வலி பொறுக்காது. புற்றை அகற்றத்தான் வழியில்லை. வலிக்கு மார்ஃபின் இருக்கிறது. சாதாரண மருந்துக் கடையில் தேடி அலையாதீர்கள். அரசு மருத்துவமனையின் வலி நிவாரணப் பிரிவில் கேளுங்கள். வீட்டுக்கே வந்து பார்க்க 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ஆதரவு சிகிச்சைச் செவிலியர்கள் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

அளவை மருத்துவர் சொல்வார். நேரம் உங்கள் பொறுப்பு. சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருந்தால் பிறகு அதை அடக்குவது கஷ்டம். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று கொடுங்கள். நடு ராத்திரியில் எழுப்பாமலிருக்க, கடைசி வேளைக்கு இரட்டை அளவு தரலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். விழுங்க முடியாவிட்டால் இந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைக்கலாம். மெதுவாகக் கரையும் வகையை மட்டும் பொடிக்கவே கூடாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். பலர் மார்ஃபினைப் பாதியில் நிறுத்துவது மலச்சிக்கலால்தான். எழுப்பினாலும் எழாமல் மூச்சு மெதுவானால், அல்லது சிறுநீர் குறைந்தால், உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

புண்ணுக்கு: அரை லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். ஒட்டிய துணியை அதில் நனைத்தே எடுங்கள். உலர்ந்ததை இழுத்தால் ரத்தம் கொட்டும். கழுவிய பின், மருத்துவர் எழுதித் தரும் மெட்ரோனிடசோல் மாத்திரையை மாவாகப் பொடித்துத் தூவினால் சில நாளில் நாற்றம் குறையும். டெட்டால் வேண்டாம். கருஞ்சிவப்புத் துண்டு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். ரத்தம் கசிந்தால் பார்த்துப் பதற மாட்டார்.

அம்மா நிர்வாணம் (ஆணுறுப்பை அகற்றுவது) ஆனது ஆஸ்பத்திரியில் அல்ல, அதைச் செய்யும் மூத்த திருநங்கையான தாயம்மா கையில் என்றால் சிறுநீர்த் துவாரம் தழும்பால் சுருங்கியிருக்கலாம். சிறுநீர்க் குழாய் போடும் முன்பே செவிலியரிடம் சொல்லிவிடுங்கள். சொல்லக் கூச்சப்பட்டால், பெரிய குழாயை அழுத்திப் புண்ணாக்கிவிடுவார்கள்.

இனி கையெழுத்து. நினைவோடு இருக்கும்வரை அம்மாவின் சம்மதமே போதும். ரத்த உறவைக் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. 2019 திருநர் சட்டமும் மருத்துவத்தில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. நினைவு தப்பினால்தான் சிக்கல். அதற்கு முன்கூட்டிய மருத்துவ விருப்ப ஆவணம் எழுதுங்கள். உச்ச நீதிமன்றம் 2018-ல் அனுமதித்தது, 2023-ல் எளிமையாக்கியது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்று, அவ்வளவுதான். இன்னின்ன சிகிச்சை வேண்டாம் என்பதோடு, தன் சார்பில் முடிவெடுக்கும் காப்பாளராக உங்கள் பெயரையும் அம்மா எழுதலாம். வீடு, நகை இதில் வராது. அதற்குத் தனியே உயில் வேண்டும். இல்லாவிட்டால் இத்தனை நாள் எட்டிப் பார்க்காத அண்ணன் தம்பிகள் அன்றைக்கு வந்து நிற்பார்கள்.

ஆதாரில் பழைய பெயர் இருந்தால் 'இன்னார் என்கிற இன்னார்' என்று இரண்டையும் எழுதுங்கள். தள்ளிப்போட வேண்டாம், வாய்ப்புற்று சீக்கிரமே பேச்சைக் குழறடித்துவிடும்.