கேனான் 6டி-யை மாற்றலாமா? நகையை அடகு வைக்காமல் ஒரு வழி

கேள்வி: வணக்கம் அண்ணா. பாலக்கோட்டில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், வயது 34. ஒன்பது வருடமாக கேனான் 6டி கேமரா ஒன்றில்தான் ஓட்டுகிறேன், அதற்கான ஈஎஃப் வகை லென்ஸ் மூன்று இருக்கிறது (24-70, 85, 70-200). இப்போது வருகிறவர்கள் 4கே வீடியோ கேட்கிறார்கள், போன வருடம் மட்டும் நாலு பார்ட்டி கையைவிட்டுப் போய்விட்டது. ஓசூர் கடையில் கேனானின் புதிய ஆர்6 மார்க் 2 பாடி, அதற்கான ஆர்எஃப் வகை லென்ஸ் இரண்டு (24-105, 85), கார்டு எல்லாம் சேர்த்து, என் 6டி-யை 25,000-க்கு எடுத்துக்கொண்டது போக 3,60,000 சொல்கிறார்கள். 15 சதவீத வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 17,450. இல்லாவிட்டால் வீட்டில் நகை இருக்கிறது, வைத்துவிடலாம் என்று மனைவியே சொல்கிறாள். வருடம் 28 கல்யாணம் எடுக்கிறேன், செலவு போக ஒன்றுக்கு 17,000 நிற்கும். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று வருடத்துக்கு 60,000 தனி. வீட்டுச் செலவு மாதம் 27,000. கையில் 1,10,000 இருக்கிறது, ஏழு வீட்டில் பாக்கி 1,35,000 நிற்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, கேமரா வாங்குங்கள். ஆனால் கடைக்காரர் கட்டிக் கொடுத்த அந்த மூட்டையை அப்படியே வாங்காதீர்கள், நகையைத் தொடவே தொடாதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் உங்கள் கணக்கு. 28 கல்யாணத்துக்கு 17,000 வீதம் 4,76,000, அதோடு 60,000, மொத்தம் 5,36,000. வீட்டுச் செலவு 3,24,000 போனால் மிச்சம் 2,12,000. தவணை வருடத்துக்கு 2,09,400. அதாவது வருடம் முழுக்க ஓடி ஓடி எடுத்து உங்கள் கையில் 2,600 ரூபாய் நிற்கும். குழந்தைக்கு ஒரு காய்ச்சல், வண்டிக்கு ஒரு டயர், அவ்வளவுதான், அடுத்த தவணைக்குக் கைமாற்று வாங்க வேண்டியதுதான். இதிலும் இந்த 17,000 எல்லாம் காகிதத்தில் இருக்கிற 17,000, ஏழு வீட்டுப் பாக்கியே அதற்குச் சாட்சி. தவணையோ ஆடியிலும் வரும், மார்கழியிலும் வரும். அந்த இரண்டு மாதமும் நம் பக்கம் முகூர்த்தமே கிடையாது, புரட்டாசியிலும் அரிதுதான். உங்கள் ஊரில் தக்காளி விலை விழுந்த வருடம் கல்யாண வீட்டுக்காரர் ஆல்பப் பாக்கியை எத்தனை மாதம் தள்ளுவார் என்று என்னைவிட உங்களுக்கே நன்றாகத் தெரியும்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன், ஏனென்றால் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்று தெரியாமல் எவ்வளவு கொடுக்கலாம் என்று சொல்ல முடியாது.

போட்டோ தெளிவுக்காக என்றால் மாற்றத் தேவையே இல்லை. 6டி 2012-ல் வந்தது, 20.2 மெகாபிக்சல், படத்தின் அளவு 5472க்கு 3648. நீங்கள் அடிக்கிற 12க்கு 36 ஆல்பத்தில் ஒரு பக்கம் 12க்கு 18 இஞ்ச், இஞ்சுக்கு 300 புள்ளி (300 டிபிஐ) வீதம் அதற்கு வேண்டியது 5400க்கு 3600. உங்கள் பழைய கேமரா அந்தப் பக்கத்தை இன்றைக்கும் முழுதாக நிரப்பும். ஆர்6 மார்க் 2-வில் இருப்பது 24.2 மெகாபிக்சல், ஆல்பத்தைப் புரட்டுகிற பெண்ணின் அம்மாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எடை குறையும் என்று சொன்னார்களா? 6டி 770 கிராம், இது 670, பழைய லென்ஸ் மாட்ட அடாப்டர் போட்டால் 110 கிராம் கூடிச் சரிசமமாகிவிடும். பேட்டரி விஷயத்தில் பழையதுதான் கெட்டி, 6டி ஒரு சார்ஜில் ஆயிரத்துக்கு மேல் படம் எடுக்கும், ஆர்6 மார்க் 2 போன்ற மிர்ரர்லெஸ்ஸில் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாத கேமரா) கண்ணை வைத்துப் பார்த்து எடுத்தால் அதில் பாதிகூட வராது. உங்களிடம் இருக்கிற எல்பி-ஈ6 பேட்டரிகள் புதியதிலும் வேலை செய்யும், தொடர்ந்து படபடவென்று எடுக்கும் வேகம் மட்டும் கொஞ்சம் குறையும்.

அப்படியானால் எதற்கு வாங்கச் சொல்கிறேன்? மூன்று காரணம், மூன்றாவதுதான் என் மனதில் பெரியது.

ஒன்று 4கே. 6டி-யில் வீடியோ 1080-க்கு (ஃபுல் எச்டி) மேல் கிடையாது, கேட்கிறவருக்கு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்தது ஃபோகஸ். கெட்டிமேளம் கேட்டவுடன் என்ன ஆகிறது என்று நினைத்துப் பாருங்கள். அதுவரை உட்கார்ந்திருந்த மாமன் மச்சான் எல்லாம் எழுந்து நிற்கிறார்கள், ஆளுக்கொரு ஃபோனை நீட்டுகிறார்கள், அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை கை பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் போய்விட்டது. 6டி-யில் இருக்கிற 11 ஃபோகஸ் புள்ளியில் நடுவில் உள்ள ஒன்றுதான் கிராஸ் டைப் (குறுக்கும் நெடுக்குமாக இரண்டு பக்கமும் பார்ப்பது), மங்கலான வெளிச்சத்தில் அதை மட்டும்தான் நம்ப முடியும். அதை முகத்தில் வைத்துப் பிடித்து, ஃபிரேமை நகர்த்தி, அழுத்துவதற்குள் பெண் தலையைக் குனிந்துவிடுவாள். புதியது கண்ணைத் தானே கண்டுபிடித்துக் கூடவே போகும். தாலி கட்டும் அந்த மூன்று நொடிக்கு இது பெரிய உதவி. (மண்டபத்து எல்ஈடி லைட்டில் எலக்ட்ரானிக் ஷட்டர் போட்டால் படத்தில் பட்டை பட்டையாக விழும், அங்கே மெக்கானிக்கல் ஷட்டரிலேயே எடுங்கள்.)

மூன்றாவது, கார்டு. உங்கள் 6டி-யில் கார்டு போட ஒரே ஒரு இடம். ஆர்6 மார்க் 2-வில் இரண்டு, ஒரே படம் இரண்டிலும் பதியும். என் தங்கை கல்யாணம் 2011-ல் ஊத்தங்கரையில் நடந்தது. முகூர்த்தம் எடுத்த கார்டு போய்விட்டது என்று மறுவாரம் போட்டோக்காரர் வந்து நின்றார், பாவம், அழுதேவிட்டார். தாலி கட்டும் படம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் இருப்பது மாமா ஃபோனில் எடுத்த ஒரே ஒரு மங்கல் படம், அதிலும் என் அப்பாவின் தோள் பாதியை மறைக்கிறது. அப்பா இப்போது இல்லை, அதனால் அந்தத் தோளுக்காகவே அதை ஃபிரேம் போட்டு வைத்திருக்கிறோம். வருடத்துக்கு 28 குடும்பம் உங்களை நம்பி அந்த நிமிடத்தை ஒப்படைக்கிறது தம்பி. இரண்டு கார்டு வேண்டும். நான் வாங்கச் சொல்வது பெரும்பாலும் இதற்காகத்தான்.

இந்த மூன்றும் பாடியில் இருக்கிறது, லென்ஸில் இல்லை. அதனால் ஆர்எஃப் லென்ஸ் இரண்டையும் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கேனான் ஈஎஃப்-ஈஓஎஸ் ஆர் அடாப்டருக்குள் லென்ஸ் கண்ணாடி எதுவும் கிடையாது, வெறும் வளையமும் மின்தொடர்பும்தான், அதனால் உங்கள் 24-70-யும் 85-ம் 70-200-ம் தெளிவு குறையாமல் வேலை செய்யும். வாங்கும் முன் மூன்றையும் கடைக்குக் கொண்டுபோய் மாட்டி எடுத்துப் பாருங்கள், அதில் கேனான் அல்லாத வேறு கம்பெனி லென்ஸ் இருந்தால் கட்டாயம் பாருங்கள். 6டி-யை 25,000-க்குக் கொடுக்காதீர்கள். கல்யாணத்தன்று கையிலிருப்பது படுத்துவிட்டால் தூக்குவதற்கு இன்னொன்று வேண்டும், அந்த வேலைக்கு அது இன்னும் பல வருடம் வரும்.

பாடியும் அடாப்டரும் ஏறக்குறைய 2,10,000 என்று வைத்துக்கொள்வோம், ஒன்றிரண்டு ஆயிரம் முன்பின் இருக்கும். கையிலிருக்கிற 1,10,000-ல் 80,000-ஐத் தொடாதீர்கள், அது மூன்று மாத வீட்டுச் செலவு. 30,000 எடுங்கள். பாக்கி 1,35,000-ல் ஒரு லட்சம் வசூலாகட்டும். மிச்சம் 80,000-க்கு மட்டும் கடன். அதே 15 சதவீதம், 12 மாதம் என்றால் மாதம் 7,220, வட்டி மொத்தம் 6,650 ரூபாய்தான். கடைக்காரர் சொன்ன வழியில் வட்டி மட்டுமே 59,000-ஐத் தொடும். 2,10,000-ம் இந்த வட்டியும் சேர்த்து நாலு வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 54,000 வரும். கல்யாணத்துக்கு 2,000 ரூபாய் ரேட் ஏற்றினால் 28 ஆர்டரில் 56,000, கேமரா தன் விலையைத் தானே அடைத்துவிடும். ஏற்றும்போது இரண்டு கார்டு விஷயத்தைச் சொல்லி ஏற்றுங்கள், என் வீடு போல ஒரு வீடாவது உறவில் இருக்கும், உடனே புரிந்துகொள்வார்கள்.

கடனைக் கடையில் எடுக்காமல் முதலில் உங்கள் கணக்கு இருக்கிற வங்கியில் முத்ரா கடன் (சிறு தொழிலுக்கான அரசுத் திட்டக் கடன்) கேளுங்கள். கிஷோர் பிரிவில் 50,000-க்கு மேல் 5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் தரலாம், தொழில் கருவி வாங்கவும் கிடைக்கும். சிறு தொழிலுக்கான அரசின் உத்யம் பதிவு இல்லையென்றால் ஆன்லைனில் இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம், யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். வட்டியில்லாத் தவணை என்று யாராவது சொன்னால், ரொக்கமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்தத் தள்ளுபடிதான் வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்றே கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. பெங்களூரில் பில் இல்லாமல் 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சம் என்று ஆசை காட்டுவார்கள், வேண்டாம். பில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை, இன்சூரன்சும் இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு ராயக்கோட்டை ரோட்டில் பைக்கில் திரும்புகிற ஆளுக்கு இன்சூரன்ஸ் அவசியம்.

இன்னொன்று, போன வருடம் போன அந்த நாலு பார்ட்டியும் கேமராவால்தான் போனார்களா? ஒரு ஃபோன் போட்டுக் கேளுங்கள். ரேட்டாலோ, ஆல்பம் லேட்டாகும் என்ற பேச்சாலோ போயிருந்தால் இந்தப் பெட்டி அதைச் சரிசெய்யாது. 4கே எடிட் பண்ண உங்கள் கம்ப்யூட்டர் தாங்குமா என்பதையும் பாருங்கள். வரும் ஆர்டர் ஒன்றுக்கு வாடகைக்கு எடுத்து, ஒரு கல்யாணம் முழுக்க எடுத்து, எடிட்டும் முடித்துப் பார்த்தால் இரண்டுமே தெரிந்துவிடும்.

நகை பற்றி மனைவி சொன்னது பெரிய மனது. ஆனால் அது வீட்டுக்கு ஆபத்து வந்தால் எடுக்க வேண்டியது, கேமராவுக்கு அல்ல. இந்தப் பணம் ஏற்கெனவே உங்களுடையதுதான், ஏழு வீட்டில் இருக்கிறது. ஆடி முடிவதற்குள் ஏழு வீட்டுக்கும் நேரில் ஒரு நடை போங்கள். அடித்து முடித்த ஆல்பம் ஸ்டுடியோ அலமாரியில் இருந்தால் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், பெண் வீட்டில் எல்லோரும் இருக்கிற ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து.