தெளிவாகக் கண்ட கனவை ஓவியமாக வரைவது எப்படி?

கனவு கண்ணுக்குள்ளேயே நிற்கிறது, வரைய உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். முழுக் கனவையும் வரையப் பார்ப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். கனவில் ஆள் மாறும், இடம் மாறும். அதையெல்லாம் விட்டுவிட்டு, எதைப் பார்த்து உடம்பு சிலிர்த்ததோ அந்த ஒன்றை மட்டும் பிடியுங்கள்.

எனக்குப் பென்னாகரம் பக்கம். ஒரு கனவில் ஒகேனக்கல் வந்தது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. பரிசல் ஒன்று அந்தரத்தில் மெல்லச் சுற்றியது. பாறையில் விழுந்த அதன் நிழல் மட்டும் ஈரமாக இருந்தது. மீன் வறுக்கும் கடை, பள்ளிக்கூட மணி, இறந்துபோன தாத்தா என்று இன்னும் என்னென்னவோ வந்தன. நான் வரைந்தது அந்த ஈர நிழலை.

விழித்ததும் போனைத் தொடாதீர்கள். கண்ணை மூடியே கொஞ்ச நேரம் கிடந்துவிட்டு நோட்டை எடுங்கள். முதலில் படம், அப்புறம்தான் எழுத்து. எழுத ஆரம்பித்தால் மனசு காரணகாரியம் சேர்த்துக் கதையாக்கிவிடும். எங்கே நின்றீர்கள், வெளிச்சம் எந்தப் பக்கம், எது பெரிது என்பது தெரிந்தால் போதும். நிறத்தை வார்த்தையில் குறித்துக்கொள்ளலாம். என் நோட்டில் ‘பாறை, ஆறிப்போன களி நிறம்’ என்றிருந்தது.

வாட்டர் கலரில் பாறைக்கு ஒரு வாஷ், அதாவது தண்ணீர் நிறையக் கலந்த மெல்லிய பூச்சு, கொடுத்து நன்றாகக் காயவிட்டேன். நிழல் விழும் இடத்தை மட்டும் நல்ல தண்ணீரால் நனைத்து, ஈரம் போகுமுன் அடர்நீலமும் பழுப்பும் விட்டேன். நிறம் தானாகப் பரவி ஓரம் கலங்கி நின்றது. பரிசலின் மூங்கில் பின்னலுக்குப் போட்டோ பார்த்தது படத்தின் அமைப்பு முடிவான பிறகுதான். முதலிலேயே பார்த்தால் அருவியும் கூட்டமும் தொங்குபாலமும் படத்துக்குள் நுழைந்துவிடும்.

கனவில் பார்க்காத இடத்தை வெறுமையாகவே விடுங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்து மல்லப்பாடிப் பாறை ஓவியத்தில் வெள்ளையில் தீட்டிய குதிரை வீரர்களுக்குப் பாறைதான் பின்னணி.

ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525-ல், வானத்திலிருந்து வெள்ளம் கொட்டுவதாகக் கனவு கண்டு நடுங்கி விழித்தார். காலையில் எழுந்து அதை வாட்டர் கலரில் வரைந்து, கீழே கனவை எழுதியும் வைத்தார். படம் இப்போது வியன்னாவில் இருக்கிறது. இணையத்தில் அவசியம் தேடிப் பாருங்கள். தூண்தூணாக இறங்கும் நீலத் தண்ணீர், அகன்ற வெற்றுநிலம், பொடிப்பொடியாக மரங்கள். 1502-ல் முயலின் ரோமத்தை ஒவ்வொன்றாக வரைந்த அதே கைதான். அந்த நுணுக்கத்தை இங்கே அவர் தேடவே இல்லை. எனக்கு அவர் படங்களிலேயே மிகப் பிடித்தது இதுதான்.

இன்னொன்று, வரைந்து முடிக்கும்வரை கனவை வீட்டில் சொல்லாதீர்கள். உடனே பலன் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள், உங்கள் மனசும் அதன் பின்னால் போய்விடும். படம் காய்ந்த பிறகுதான் அம்மாவிடம் காட்டினேன். “இந்த நெழலு மேல கால் வெச்சா வழுக்கிடுமே” என்றார்.