டிராக்டரின் பின்புற இணைப்பில் மண் தொட்டியும் தூக்கும் கம்பமும் செய்து மாட்டலாமா?

முன்பக்க லோடர் வாங்க வசதியில்லை, 45 குதிரைத்திறன் டிராக்டரின் பின்னாலேயே ஏரி வண்டல் அள்ள ஒரு தொட்டியும், மோட்டார், கல்தூண் தூக்க ஒரு கம்பமும் பட்டறையில் செய்து மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக மாட்டலாம். ஆனால் '1500 கிலோ தூக்கும்' என்ற விளம்பரக் கணக்கை மட்டும் நம்பி இரும்பு வாங்கப் போய்விடாதீர்கள். அது எண்ணெய் அழுத்தத்தில் தூக்கும் ஹைட்ராலிக்கின் பலம். வண்டி தாங்குமா என்பது வேறு கணக்கு.

வண்டி 2000 கிலோ, அதில் முன் அச்சின் மேல் 800, இரண்டு அச்சுக்கும் இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்தின் நுனி பின் அச்சிலிருந்து 2.5 மீட்டர் தள்ளி நிற்கிறது. அதில் 400 கிலோ தொங்கவிட்டால் முன் அச்சில் 500 கிலோ குறைந்துவிடும். மிச்சம் 300. ஸ்டியரிங் கேட்க வேண்டுமானால் வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்காவது, அதாவது 400 கிலோ, முன்னால் இருக்க வேண்டும். 640 கிலோ ஏறினால் நின்ற இடத்திலேயே முன் சக்கரம் எழும்பிவிடும். வரப்பில் ஏறி இறங்கும் குலுக்கலில் அதற்கும் முன்பே எழும்பும். தொட்டியில் இந்தச் சிக்கல் குறைவு. 500 கிலோ ஈர மண் இருந்தாலும் அதன் நடுப்பகுதி அச்சிலிருந்து 1.4 மீட்டரில் இருந்தால் முன்னால் குறைவது 350 கிலோதான். ஆகவே கம்பத்தை முடிந்தவரை குட்டையாகச் செய்யுங்கள், முன்பக்கம் எடைக்கட்டை மாட்டுங்கள், தூக்கிய பாரத்தைத் தரையை ஒட்டியே கொண்டு போங்கள். தூக்கியிருக்கும்போது அடியில் யாரும் கை நீட்டக் கூடாது. எண்ணெய் கசிந்தால் டிராக்டரின் தூக்கும் கை தானாகவே இறங்கும்.

மண் வேலைக்கு வருவோம். டிராக்டரின் இந்தப் பின்புற இணைப்பு, அதாவது கீழே இரண்டு கையும் மேலே டாப் லிங்க் என்ற ஒரு கம்பியும் சேர்ந்தது, ஹாரி ஃபெர்குசன் கலப்பைக்காக உருவாக்கியது. பெரும்பாலான டிராக்டர்களில் ஹைட்ராலிக் தூக்க மட்டுமே செய்யும், கீழே அழுத்தாது. தொட்டியோ பிளேடோ தன் எடையால்தான் மண்ணில் இறங்க வேண்டும். காய்ந்த களிமண்ணில் இறங்கவில்லை என்றால் ஹைட்ராலிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் கல்டிவேட்டர் ஓட்டி மண்ணை இளக்குங்கள், பிறகு அள்ளுங்கள்.

நிலத்தைச் சமன் செய்யும் பெட்டி வடிவ லெவலர் என்றால் டாப் லிங்க்கைச் சுருக்கினால் முன்விளிம்பு கடிக்கும், நீட்டினால் பின்விளிம்பு தடவிச் சமன் செய்யும். இரண்டு மூன்று திருகுக்கே வேலையின் குணம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். மண்ணின் இழுவைக்கு ஏற்பக் கருவியை ஏற்றி இறக்கும் டிராஃப்ட் லீவரில் ஓட்டாதீர்கள். மண் இறுகும் இடத்தில் அது பிளேடைத் தூக்கிவிடும், நிலம் அலை அலையாகிவிடும். கருவியை ஒரே உயரத்தில் நிறுத்தும் பொசிஷன் லீவரில்கூட, முன் சக்கரம் மேட்டில் ஏறும்போது பிளேடு பள்ளம் பறிக்கும். என்னைக் கேட்டால், செலவுக்கு உரிய முதல் மாற்றம் லெவலரின் பின்னால் இரண்டு சிறு சக்கரம் வைப்பதுதான். டாப் லிங்க் இடத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர் வைப்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

வெல்டிங் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். டிராக்டரோடு வந்த கீழ்க் கைகளில் துளையிடவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். மாற்றம் எல்லாம் கருவியின் சட்டத்தில் இருக்கட்டும். கடினப்படுத்திய வெட்டு விளிம்பை நேராக வெல்டிங் செய்தால் பற்றுக்குப் பக்கத்திலேயே விரிசல் விடும். போல்ட் போட்டு மாட்டுங்கள், தேய்ந்தால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம்.

மரவேர் இழுக்க நினைத்தால் சங்கிலியை டாப் லிங்க் இடத்தில் மாட்டவே மாட்டாதீர்கள். இழுவை பின் அச்சுக்கு மேலே விழுந்தால் வண்டி பின்பக்கமாகப் புரண்டுவிடும், குதித்துத் தப்ப நேரமே இருக்காது. இழுப்பதற்குக் கீழே உள்ள டிராபார் என்ற இழுவைப் பட்டை மட்டுந்தான்.

உங்கள் வண்டியின் முன் அச்சு எடையை ஒரு எடைமேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்து எழுதுங்கள். கம்பம் எவ்வளவு நீளம் இருக்கலாம் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.