எரிசக்திப் பேராசிரியர் இருக்கைக்குக் கொட்டும் பணத்தை ஏழைப் பிள்ளைகளுக்கு உபகாரச் சம்பளமாகக் கொடுக்கலாமே?

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. உபகாரச் சம்பளத்தில்தான் படித்தேன். 15 வருடத்துக்கு முன் நீங்கள் இதைக் கேட்டிருந்தால், "ஆமாம், பிள்ளைகளுக்கே கொடுங்கள்" என்று ஒரே வரியில் முடித்திருப்பேன். பிறகு புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்று ஒருவர் நிறுவிய இருக்கையின் கீழ் ஆறு வருடம் ஆய்வு உதவியாளராக வேலை பார்த்தேன். இப்போது அவ்வளவு சுலபமாகச் சொல்ல வரவில்லை.

இருக்கை என்றதும் பலர் பேராசிரியரின் சம்பளம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு மூலதனம். கொடையாளி கொடுத்த தொகையைத் தொடாமல், அதில் வரும் வருமானத்திலிருந்து, அந்தத் தொகையின் 4, 5 விழுக்காடு அளவுக்கு மட்டும் வருடா வருடம் எடுத்துச் செலவு செய்வார்கள். என் அம்மா பால்மரம் வெட்டியவர். அவருக்கு இதை விளக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டையை மெல்லிசாகச் சீவினால் மங்குக் கிண்ணத்தில் பால் இறங்கும், மரம் வருடக்கணக்கில் கொடுக்கும். ஆசைப்பட்டு ஆழமாக வெட்டிக் காயம் போட்டால் அந்தப் பட்டை திரும்ப ஒழுங்காக வளராது, வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சும் கிடைக்கும். "அப்ப வருசத்துக்கு நாலு காசு சீவுறாங்க, அவ்வளவுதானே?" என்றார். அவ்வளவுதான்.

கணக்காகவே பார்ப்போம். 50 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) முதல் போட்டு 4 விழுக்காடு எடுத்தால் வருடத்துக்கு 2 லட்சம். ஆளுக்கு 20,000 என்று பத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஒத்துக்கொள்கிறேன்.

இந்த ஏற்பாடு புதிதில்லை. ஹென்றி லூக்காஸ் என்பவர் 1663இல் உயில் எழுதி, வருடத்துக்கு 100 பவுண்டு வருமானம் வரும்படி நிலம் வாங்கிக் கேம்பிரிட்ஜில் கணிதத்துக்கு ஓர் இருக்கை வைக்கச் சொன்னார். அதே வருடம் இறந்தும் போனார். 1669இல் அந்த இருக்கைக்கு வந்தவர் நியூட்டன், 1979இல் வந்தவர் ஸ்டீஃபன் ஹாக்கிங். நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது ஹார்வர்ட் தமிழ் இருக்கை. 60 லட்சம் அமெரிக்க டாலர் தேவைப்பட்டது. இரண்டு மருத்துவர்கள் ஆளுக்கு 5 லட்சம் டாலர் போட்டுத் தொடங்கி வைத்தார்கள், தமிழ்நாட்டு அரசு 10 கோடி ரூபாய் கொடுத்தது, மீதி உலகம் முழுக்கச் சேர்ந்தது.

எங்கள் இருக்கையின் கொடையாளி இவ்வளவு பெரிய ஆள் இல்லை. தோட்டங்களிலிருந்து ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி முதலாளி. டீசல் புகையில் சம்பாதித்தவர் எரிசக்தி ஆய்வுக்குக் கொடுப்பதை வளாகத்தில் கிண்டல் செய்தவர்களும் உண்டு. (நானும் ஒருமுறை சிரித்திருக்கிறேன்.) பேராசிரியரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் அவருக்கு இடமில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தது, அவரும் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். வருடத்துக்கு ஒரு கடிதம், என்ன நடந்தது என்று, தமிழில். அந்த இரண்டு பக்கத்தை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. ஆய்வுக் கட்டுரை எழுதுவதைவிட அதுதான் சிரமம். "இந்த வார்த்தை எனக்குப் புரியலம்மா" என்று ஃபோனில் கூப்பிடுவார். பாதி நேரம் அது எனக்கும் சரியாகப் புரியாத வார்த்தையாக இருக்கும்.

ஒருநாள் துணிந்து உங்கள் கேள்வியையே அவரிடம் கேட்டேன். "ஐயா, இதைப் பிள்ளைங்களுக்கே கொடுத்திருக்கலாமே?"

"எங்கப்பா துன் சம்பந்தன் சங்கத்துல பங்கு வாங்கினவருலா," என்றார். அவர் சொன்னது தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்த காலத்தில், 1960இல், எங்கள் ஊர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கியது. தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது அந்தப் பணத்தில்தான். "அந்தப் பத்து வெள்ளிக்கு அன்னைக்கு அரிசி வாங்கியிருக்கலாம். வாங்கலையே," என்று சொல்லிவிட்டு லோரி டயர் விலைக்குப் பேச்சை மாற்றிவிட்டார்.

எங்கள் இருக்கைப் பணம் என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். என் அப்பா செம்பனை ஆலையில் பாய்லர் ஆள். குலையைப் பிழிந்தபின் மிஞ்சும் நார், கொட்டை ஓடு இரண்டையும் எரித்துத்தான் ஆலைக்கு நீராவி, அதிலிருந்து மின்சாரம். நாங்கள் இருந்த லயத்து வீடுகளுக்கும் அங்கிருந்துதான் விளக்கு. இரவு பத்து மணிக்கு நிறுத்திவிடுவார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி என்ற பெயர் தெரியாமலே அதில் வீட்டுப்பாடம் எழுதியிருக்கிறேன். ஆலைக்குப் பின்னால் கழிவுக் குளங்கள் இருந்தன. பழுப்பு நிறத் தண்ணீர் நாள் முழுக்கக் கொப்பளிக்கும், நாற்றம் பள்ளி வரைக்கும் வரும். அந்தக் கொப்பளிப்பு பேய் மூச்சு என்று, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக் கிழவி மிரட்டி வைத்திருந்தார்.

பேயின் பெயர் மீத்தேன். ஒரு டன் குலை அரைத்தால் அரை டன்னுக்கு மேல் கழிவுநீர் வரும். அந்தக் கழிவுநீர் ஒரு கன மீட்டர் இருந்தால், காற்றில்லாமல் நொதித்து ஏறக்குறைய 28 கன மீட்டர் எரிவாயு கொடுக்கும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். சும்மா விட்டால் நூறு வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட ஏறக்குறைய 28 மடங்கு சூடாக்கும். பிடித்து எரித்தால், மணிக்கு 60 டன் குலை அரைக்கும் ஆலையில் ஒன்றரை முதல் இரண்டு மெகாவாட் மின்சாரம்.

இந்த எண்கள் புத்தகத்தில் இருப்பவை. புத்தகத்தில் இல்லாதது, எங்கள் பக்கத்துக் குளம் மழைக்காலத்தில் எப்படி இருக்கும், குலை குறைவாக வரும் மாதத்தில் எவ்வளவு கொப்பளிக்கும், ஆலை பழுதுக்கு நின்றால் கிருமிகள் திரும்ப எழுந்திருக்க எத்தனை நாள் என்பது. ஒரே குளத்துக்குப் பல வருடம் போனால்தான் இதெல்லாம் தெரியும். வழக்கமான ஆய்வு மானியம் இரண்டு, மூன்று வருடத்தில் அறிக்கை கேட்கும். அதற்குப் பிறகு பெட்ரோல் காசுக்குக்கூட வழியிருக்காது. வாயுவோடு கலந்து வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவுக்கருவியை இரண்டு தடவை அரித்துத் தின்றது. இரண்டு தடவையும் புதிது வாங்கியது இருக்கைப் பணத்தில். மானியக் குழுவிடம் போய், "கருவி துருப்பிடித்தது, இன்னொன்று வேண்டும்" என்று கேட்டுப் பாருங்கள், தெரியும்.

இருக்கைப் பத்திரத்தின் முதல் வரைவில் "சூரிய சக்தி" என்றுதான் இருந்ததாம். பல்கலைக்கழகத்தில் யாரோ ஒரு புத்திசாலி அதைப் "புதுப்பிக்கத்தக்க எரிசக்தி" என்று மாற்ற வைத்திருக்கிறார். அந்தத் திருத்தம் இல்லாவிட்டால் எங்கள் குளத்துக்கு அந்தப் பணத்தில் இடமே இருந்திருக்காது. யாராவது இருக்கை வைக்கப் போகிறார் என்றால் நான் முதலில் பார்ப்பது இந்த ஒரு வரியைத்தான்.

குறையும் உண்டு. பேராசிரியர் ஓய்வு பெற்றதும் ஒரு வருடத்துக்கு மேல் இருக்கை காலியாகக் கிடந்தது. அந்த வருடக் கடிதத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல், காலியாக இருக்கிறது என்றே எழுதினேன். முதலாளி ஃபோனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. உபகாரச் சம்பளத்தில் இந்த வில்லங்கம் குறைவு. பிள்ளை எங்கும் எப்போதும் இருக்கிறது.

இன்னொன்று. மின்சாரப் பில்லில் கே.டபிள்யூ.டி.பி.பி. (புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி) என்று ஒரு கட்டணம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். 2011 சட்டத்துக்குப் பிறகு 1 விழுக்காடாக வந்து, 2014இல் 1.6 ஆனது, 300 யூனிட்டுக்கு மேல் போகாத வீடுகளுக்குக் கிடையாது. குளத்து வாயுவில் எடுத்த மின்சாரத்தைக் கூடுதல் விலைக்கு வாங்கும் பணம் அந்த நிதியிலிருந்துதான். அந்த வகையில் ஏர்கோன் போட்ட ஒவ்வொரு வீடும் கொஞ்சம் கொடையாளிதான், யாரும் பெயர்ப்பலகை கேட்டதில்லை.

நான் வேலையை விடுவதற்கு முந்தின மாதம் முதலாளி குளத்தைப் பார்க்க வந்தார். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, எழுபது வயதுக்கு மேல். குளத்தின் மேல் போர்த்திய கறுப்பு விரிப்பு வாயு நிரம்பி, பொங்கிய பூரி மாதிரி நின்றது. கையால் தட்டிப் பார்த்தார்.

"இதுல லயத்து வீட்டுக்கெல்லாம் விளக்கு எரியுதா?"

லயத்தை இடித்துப் பல வருடமாகிறது ஐயா, ஆளெல்லாம் தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள், இந்த மின்சாரம் கம்பி வழியாக மின்சார வாரியத்துக்குப் போகிறது, அந்தக் கம்பியை இங்கே வரைக்கும் இழுத்த செலவுதான் இருப்பதிலேயே பெரிய செலவு என்றேன்.

"அதை ஏன் கடிதத்துல எழுதல?" என்றார். எழுதியிருக்க வேண்டும்தான்.